செயற்கைச் சிறுநீரகமும் வைரசு மருந்துகளும்



மருந்தை உண்பது எளிது. உண்ட மருந்து உடலினுள் எவ்வளவு காலம் தங்கும் என்பதை அறிவது அரிது. நோயை வெல்லும் அளவுக்கு அது குருதியில் நிற்றல் வேண்டும். நோயாளியை வருத்தும் அளவுக்குப் பெருகிவிடவும் கூடாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே மருந்தை நிறுத்திவைக்கும் பொறுப்பு, உடல்நலம் உடையோரிடத்துப் பெரும்பாலும் ஈரலுக்கும் சிறுநீரகங்களுக்கும் உரியது. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் ஓர் இயந்திரத்தின் துணையாற் குருதியைத் தூய்மை செய்துகொள்ளும் ஒருவரிடத்து அப்பொறுப்பை ஏற்பது யார்? அவருக்கு அக்கி கண்டாலும், வைரசினால் ஈரல் அழற்சியுற்றாலும், இன்புளுவென்சாக் காய்ச்சல் வந்தாலும், மருந்தை எவ்வளவு கொடுப்பது? எப்பொழுது கொடுப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடி மனித அறிவு நடந்துவந்த வழியே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லன். மாணவருக்கு வரலாறு கற்பிப்பவன். ஆதலின், யான் கூறப்போவதை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ளாது, ஓர் அறிவு வளர்ந்த வரலாறாகக் கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன்.

இவ்வரலாறு மருத்துவமனை ஒன்றிலே தொடங்கவில்லை. இரசாயன அறிஞர் ஒருவரின் மேசையிலே தொடங்கிற்று. தோமஸ் கிரகாம் என்பவர் 1805 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தவர். பிற்காலத்தில் இலண்டன் அரச நாணயச்சாலையின் தலைவராக விளங்கியவர். அவர் 1861 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பறைக்குத் தோல் போர்த்துவது போல, ஒரு வளையத்தின் மீது தோலையொத்த தாளை இழுத்துக் கட்டி, அதனுள்ளே பல்வேறு கரைசல்களை ஊற்றி, நீரின் மேல் மிதக்கவிட்டார். உப்பு, சர்க்கரை முதலியன தாளை ஊடுருவி வெளியிலுள்ள நீரை அடைந்தன. கோந்து, வெண்கருப் புரதம் முதலிய பசைத்தன்மை கொண்டவை உள்ளேயே நின்றுவிட்டன. சிறுநீரை அவ்வாறு வைத்தபொழுது யூரியா என்னும் கழிவுப்பொருள் தாளைக் கடந்து சென்றது. இப்பிரிப்பு முறைக்கு அவர் இட்ட பெயரே டயாலிசிஸ் என்பது. பிரித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக அது பிறந்தது. சிறியது கடக்கும், பெரியது நிற்கும் என்னும் இந்த எளிய உண்மையே, பின்வந்த அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த ஜோன் ஜேக்கப் ஏபல் என்னும் பேராசிரியர், 1913 ஆம் ஆண்டளவில் தம் துணைவர்களான ரவுன்ட்றி, ரேணர் ஆகியோருடன் கூடி, உயிருள்ள நாயின் குருதியையே கிரகாமின் முறைப்படி சுத்திகரித்துக் காட்டினார். கொலோடியன் என்னும் பொருளாற் செய்த மெல்லிய குழாய்களினூடே குருதி ஓடியது. குழாய்களைச் சுற்றி உப்புக் கரைசல் நின்றது. குருதி உறைந்துவிடாதிருக்க, அட்டைகளின் வாயிலிருந்து எடுக்கப்பட்ட கிருடின் என்னும் பொருளைப் பயன்படுத்தினர்.

இங்கே நாம் ஒன்றை உற்றுநோக்குதல் வேண்டும். ஏபல் மருந்தியற் பேராசிரியர். தம் கருவி உண்மையில் வேலை செய்கின்றதா என்று சோதிக்க அவர் நாயின் குருதியிற் செலுத்தியது ஒரு மருந்தையே. ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த சலிசிலேற்று என்பது அது. செலுத்திய மருந்து சிறிது நேரத்திற் குழாய்ச் சுவரைக் கடந்து வெளிக் கரைசலில் வந்து சேர்ந்தது. ஆகவே, செயற்கைச் சிறுநீரகம் மருந்தையும் குருதியிலிருந்து எடுத்துவிடும் என்னும் செய்தி, அக்கருவி பிறந்த நாளிலேயே அதனுடன் பிறந்ததாகும். அன்று அது கருவியின் வெற்றிக்குச் சான்றாக இருந்தது. அதுவே ஒரு நாள் மருத்துவருக்குச் சிக்கலாக மாறும் என எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

ஜேர்மனியின் கீசென் நகரில் கெயோர்க் ஹாஸ் என்னும் மருத்துவர் 1924 ஆம் ஆண்டில் முதன்முதலாக மனிதர் ஒருவருக்கு இச்சுத்திகரிப்பைச் செய்தார். அது பதினைந்து நிமிடமே நீடித்தது. 1928 ஆம் ஆண்டில் அவர் அட்டைப் பொருளை விடுத்து, குருதி உறையாது காக்கும் ஹெப்பரின் என்னும் மருந்தைப் பயன்படுத்தினார். ஆயினும், உயிர் காக்கும் அளவுக்கு இம்முறையை வளர்த்த பெருமை ஒல்லாந்து தேசத்து வில்லெம் கொல்ப் என்பவருக்கே உரியது. இரண்டாம் உலகப் போரில் அந்நாடு ஜேர்மானியர் ஆட்சிக்குள் அகப்பட்டிருந்த காலத்தில், கம்பன் என்னும் சிறு நகரின் மருத்துவமனையிலே, இறைச்சிப் பண்டங்களைப் பொதிவதற்குரிய செலோபேன் குழாயை ஒரு மர உருளையிற் சுற்றி, உருளையைக் கரைசல் நிறைந்த தொட்டியிலே சுழலவிட்டார். 1943 ஆம் ஆண்டு தொடங்கி அவர் சிகிச்சை செய்தவர்களுட் பெரும்பாலோர் இறந்தனர். அவர் மனந்தளரவில்லை. 1945 ஆம் ஆண்டில், நினைவிழந்து கிடந்த அறுபத்தேழு வயது மாது ஒருவர் அச்சிகிச்சையாற் கண் விழித்தார், உயிர் பிழைத்தார்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இக்கருவி பல நாடுகளுக்கும் பரவிற்று. அக்காலத்தில் அது திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தோருக்குச் சில நாட் துணையாக இருந்தது. தூக்க மருந்தையோ சலிசிலேற்றையோ அளவு மீறி உட்கொண்டவரின் குருதியிலிருந்து அந்நஞ்சை அகற்றுதற்கும் 1950 களில் அது பயன்பட்டது. அன்றைய மருத்துவர் இயந்திரத்தை நோக்கி, இந்த மருந்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றுவாய் என்றே கேட்டனர்.

1960 ஆம் ஆண்டில் கேள்வி மாறிற்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிறிப்னர், நோயாளியின் கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் இணைத்து நிலையாக இருக்கத்தக்க ரெப்லன் குழாய் ஒன்றை அமைத்தார். அதற்கு முன்னர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குருதிக்குழாய்களைத் திறக்க வேண்டியிருந்தமையால், சில முறைக்குமேற் சிகிச்சை செய்ய இயலாதிருந்தது. ஸ்கிறிப்னரின் குழாயினால் ஒரே நோயாளிக்கு வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் குருதிச் சுத்திகரிப்புச் செய்ய முடிந்தது. 1966 ஆம் ஆண்டில் நாடியையும் நாளத்தையும் தோலுக்குள்ளேயே பொருத்தும் முறையும் வந்தது. மரணத்தின் வாயிலில் நின்றோர் வாழத் தொடங்கினர்.

வாழ்வோர்க்கு நோய் வருதல் இயல்பு. சிறுநீரகம் இழந்தவருக்குக் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் குன்றிவிடுகின்றது. ஆகவே, அவர்களுக்கு மருந்துகள் தேவைப்பட்டன. இப்பொழுது மருத்துவர், நான் கொடுக்கும் மருந்தில் எவ்வளவை நீ எடுத்துக்கொண்டு போய்விடுகிறாய் என்று இயந்திரத்தைக் கேட்கலாயினர். முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றி இக்கேள்வி எழுந்தது. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்னும் அட்டவணைகள் 1970 களிலே தொகுக்கப்பட்டு, மருத்துவர் கைகளுக்கு வந்தன. வைரசு மருந்துகள் ஒவ்வொன்றாக வரவர, அவ்வட்டவணைகளில் அவையும் இடம்பெற்றன.

இனி, எல்லா மருந்தையும் இயந்திரம் ஒரே அளவில் எடுத்துவிடுமா என்பதைப் பார்ப்போம். எடுத்துவிடாது. ஒரு மருந்து வெளியேறுவதும் வெளியேறாததும் முக்கியமாக மூன்று காரணங்களைப் பொறுத்தவை.

முதலாவது, மூலக்கூற்றின் பருமன். கிரகாமின் தாளிற் கண்டபடி, சிறியவை எளிதிற் கடக்கும், பெரியவை தடைப்படும்.

இரண்டாவது, புரதத்துடன் உள்ள பிணைப்பு. குருதியிலுள்ள புரதங்களுடன் ஒட்டிக்கொள்ளும் இயல்பு பல மருந்துகளுக்கு உண்டு. வேலியிலுள்ள பொட்டினூடாகச் சிறு பிள்ளை தனியே நுழைந்து போய்விடும். தாயின் கையை இறுகப் பற்றியிருக்கும் பிள்ளையால் அவ்வாறு போக இயலாது. புரதத்தைப் பற்றிய மருந்தின் நிலையும் அதுவே.

மூன்றாவது, மருந்து உடலில் எங்கே உறைகின்றது என்பது. இயந்திரம் தூய்மை செய்வது குருதியை மட்டுமே. குருதியிலே தங்கும் மருந்தை அது எளிதில் எடுக்கும். தசையிலும் பிற இழையங்களிலும் புகுந்து பரவிக்கிடக்கும் மருந்தை அதனால் எடுக்க முடிவதில்லை. வீடுகளுக்குள்ளே குப்பை நிறைந்திருக்க, தெருவை மாத்திரம் பெருக்கினால் ஊர் சுத்தமாகுமா? பெருக்கி முடித்த சற்று நேரத்தில் வீட்டுக் குப்பை மீண்டும் தெருவுக்கு வந்துவிடும். சுத்திகரிப்பு முடிந்தபின் சில மருந்துகளின் அளவு குருதியில் மறுபடியும் உயர்வது இதனாலேயே.

இவ்விதிகளை விளக்குதற்கு, வைரசு மருந்துகளின் வரலாற்றிலேயே இரு சிறந்த சான்றுகள் உள. ஒன்று அமந்தடீன், மற்றொன்று அசைக்ளோவிர்.

அமந்தடீன் என்பது 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இன்புளுவென்சாவுக்கு எதிராக அனுமதி பெற்ற மருந்து. இது மாற்றமடையாமற் சிறுநீர் வழியாகவே வெளியேறுவது. நலமுள்ளவரின் குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழப் பதினாறு மணித்தியாலம் ஆகும். சிறுநீரகம் இழந்து, தொடர்ந்து இயந்திரச் சுத்திகரிப்புப் பெறுவோரிடத்து அது பாதியாவதற்குச் சராசரி எட்டு நாள் ஆகின்றது. இதன் மூலக்கூறு மிகச் சிறியதாயினும் இயந்திரத்தால் அதை அகற்ற முடிவதில்லை. எடுக்கப்படுவது புறக்கணிக்கத்தக்க அளவே. உடலின் இழையங்களெங்கும் அது பரவி உறைந்துவிடுவதே காரணம். ஆகவே, பிறர் நாள்தோறும் உண்ணும் அம்மருந்தை இந்நோயாளருக்கு ஏழு நாளைக்கு ஒருமுறை கொடுத்தாற் போதும் என விதிக்கப்பட்டது. இன்புளுவென்சா வைரசுகள் அதனை எதிர்க்கப் பழகிவிட்டமையால், இன்று அந்நோய்க்கு அது விதந்துரைக்கப்படுவதில்லை. நடுக்குவாத நோய்க்கே பெரும்பாலும் பயன்படுகின்றது. ஆயினும், அது கற்பித்த பாடம் நிலைத்துவிட்டது.

அசைக்ளோவிரின் கதை வேறு. அக்கி, கொப்புளிப்பான் ஆகியவற்றை உண்டாக்கும் வைரசையும், உதட்டிலும் மூளையிலும் நோய் விளைக்கும் ஹேர்ப்பிஸ் வைரசையும் எதிர்க்கும் இம்மருந்து, 1970 களில் அமெரிக்காவில் உள்ள பறோஸ் வெல்கம் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாயிற்று. அதன் பின்னணியில் நின்றவர் கேற்றூட் எலியன் என்னும் பெண் அறிஞர். 1988 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவருள் அவரும் ஒருவர். அதற்கு முன்பு வைரசை அழிக்க முற்படும் மருந்து மனித உயிரணுவையும் அழித்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அசைக்ளோவிரோ, வைரசு புகுந்த உயிரணுவிலே, அந்த வைரசின் நொதியத்தாலேயே தூண்டப்பட்டுச் செயற்படுவது. நலமுள்ள உயிரணுக்களைப் பெரிதும் விட்டுவிடுவது. வைரசு மருந்துகளின் புதிய காலம் இதனுடன் தொடங்கிற்று எனக் கூறின் மிகையாகாது.

இம்மருந்து நாளத்தின் வழியே செலுத்துதற்கு 1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அக்காலத்திலேயே அறிஞர், சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியில் அதன் அளவை மணிக்கு மணி அளந்து பார்த்தனர். அவர்கள் கண்டது இது: நலமுள்ளவரிடத்து ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்திற் பாதியாகும் இம்மருந்து, சிறுநீரே கழியாதவரிடத்துப் பாதியாவதற்கு ஏறத்தாழ இருபது மணித்தியாலம் எடுக்கின்றது. இயந்திரம் ஓடும்பொழுதோ, ஐந்து மணித்தியாலத்திற் பாதியாகின்றது.

பள்ளிக்கூடக் கணக்காக இதனைப் போட்டுப் பார்ப்போம். மூவர் குருதியிலும் தொடக்கத்தில் நூறு பங்கு மருந்து இருப்பதாகக் கொள்வோம். ஆறு மணித்தியாலம் கழிந்தபின், நலமுள்ளவரிடத்து இருபத்தைந்து பங்கே எஞ்சும். சிறுநீரகம் இழந்து, இயந்திரத் துணையும் இல்லாதவரிடத்து எண்பது பங்கு அளவில் எஞ்சும். இயந்திரத்தின் துணை பெற்றவரிடத்து நாற்பது பங்கு அளவில் எஞ்சும். அதாவது, ஆறு மணித்தியாலச் சுத்திகரிப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு மருந்து குருதியை விட்டுப் போய்விடுகின்றது. ஆகையாற்றான், இந்நோயாளருக்கு மருந்தின் அளவைக் குறைக்கவும் வேண்டும். ஒவ்வொரு சுத்திகரிப்பும் முடிந்தபின் ஒரு வேளை மருந்தைக் கொடுக்கவும் வேண்டும் என்னும் விதி எழுந்தது. சுத்திகரிப்புக்குச் சற்று முன்னர் கொடுத்தால், மருந்து நோயாளிக்குப் பயன்படாது தொட்டிக்கே போய்ச் சேரும். வயிற்றறையினுட் கரைசலை விட்டு எடுக்கும் மற்றொரு சுத்திகரிப்பு முறையிலோ மருந்து மெதுவாகவே வெளியேறுவதால், அவ்வாறு மேலதிகமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் கண்டனர்.

இங்கே ஓர் எண்ணிக்கையை நாம் மறத்தலாகாது. ஒரு வாரத்தில் நூற்று அறுபத்தெட்டு மணித்தியாலம் உண்டு. நலமுள்ள சிறுநீரகம் அத்தனை மணித்தியாலமும் ஓய்வின்றி உழைக்கும். இயந்திரமோ, முறைக்கு நான்கு மணித்தியாலமாக மூன்று முறை, ஆகப் பன்னிரண்டு மணித்தியாலமே உழைக்கும். எஞ்சிய நூற்றைம்பத்தாறு மணித்தியாலமும் மருந்து போகும் வழியின்றித் தேங்கும். எனவே, இந்நோயாளரை எதிர்நோக்கும் ஆபத்துகள் இரண்டு. சுத்திகரிப்பு நடக்கும்பொழுது மருந்து குறைந்து நோய் தலைதூக்கலாம். சுத்திகரிப்பு இல்லாத நாட்களில் மருந்து மிகுந்து நஞ்சாகலாம்.

அசைக்ளோவிர் மிகுந்தால் நேர்வதென்ன? கைகள் நடுங்கும், பேச்சுக் குழறும், மனம் தடுமாறும், இல்லாதன இருப்பன போலத் தோன்றும். தாம் இறந்துவிட்டதாகவே நம்பிக் கூறிய நோயாளரைப் பற்றியும் சுவீடன் தேச மருத்துவர்கள் எழுதியுள்ளனர். இம்மருந்திலிருந்து உடலில் உண்டாகும் ஒரு மாற்றுப்பொருள், வெளியேற வழியின்றித் தேங்குவதே இத்துன்பத்துக்குப் பெரிதும் காரணம் என்பதை அவர்களின் ஆராய்ச்சிகள் உணர்த்தின. இதில் ஒரு கொடுமையும் உண்டு. ஹேர்ப்பிஸ் வைரசு மூளையைத் தாக்கினாலும் மனத்தடுமாற்றமே உண்டாகும். அதனை நோயின் குறி என எண்ணும் மருத்துவர் மருந்தைக் கூட்டுவார். மருந்தின் குறி எனக் காணும் மருத்துவர் மருந்தை நிறுத்துவார். ஒரே அறிகுறி, எதிரெதிரான இரு வழிகள். இவ்விடத்தில் உயிர் காப்பதும் கெடுப்பதும் குருதியில் மருந்து எவ்வளவு தேங்கியிருக்கும் என்னும் அறிவே. மருந்தின் மிகுதியே காரணம் எனத் துணிந்தபின், அதனைத் தீர்க்கும் வழியும் அதே இயந்திரந்தான். குருதியைச் சுத்திகரித்ததும் மனம் தெளிந்தவர் பலர். ஏபல் நாயிடத்துச் செய்துகாட்டிய அதே செயல் இங்கே மனிதருக்கு மீட்பாக அமைகின்றது.

1987 ஆம் ஆண்டில், எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசுக்கு எதிரான முதல் மருந்தாகச் சிடோவுடீன் வெளிவந்தது. இதனை மாற்றி அமைப்பது ஈரல். ஆகவே, இயந்திரம் இம்மருந்தைக் குறிப்பிடத்தக்க அளவு எடுப்பதில்லை. ஈரல் மாற்றிய பொருளையே எடுக்கின்றது. அதே வைரசுக்கு எதிராக 2001 ஆம் ஆண்டில் வந்த ரெனோபோவிர் நேர்மாறானது. பிறர் நாளுக்கு ஒன்றாக உண்ணும் முந்நூறு மில்லிகிராம் குளிசையை, சுத்திகரிப்புப் பெறுவோர் வாரத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலச் சுத்திகரிப்பு நிறைவெய்திய பின்னர் உண்ண வேண்டும் என விதித்தனர். ஒரே நோய், ஒரே இயந்திரம். ஆயினும் மருந்துதோறும் விதி வேறு. ஒன்றற்குரிய விதியை மற்றொன்றற்குப் பொருத்தினால் தீங்கே விளையும்.

இனி, ஈரல் அழற்சியின் வரலாறு இந்நோயாளரின் வாழ்வுடன் நெருங்கிப் பிணைந்தது. குருதி ஓடும் இடமெல்லாம் குருதிவழிப் பரவும் வைரசும் செல்லும் அன்றோ? 1960 களிலும் 1970 களின் தொடக்கத்திலும் பல நாடுகளின் சுத்திகரிப்பு நிலையங்களில் ஈரல் அழற்சி பரவிற்று. ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் 1969, 1970 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பரவலில் நோயாளர் மட்டுமன்றி, அவர்களைப் பேணிய மருத்துவமனைப் பணியாளரும் உயிர் துறந்தனர். உயிர் காக்கும் இயந்திரத்தின் அருகிலேயே உயிர்ப்பலி நேர்ந்தது. அதன் விளைவாகக் கடுமையான பாதுகாப்பு விதிகள் எழுந்தன. 1980 களில் ஈரல் அழற்சி 'பி' வகைக்குத் தடுப்பூசியும் வந்தது. 'சி' வகை வைரசு 1989 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. அதற்குத் தடுப்பூசி இல்லை, மருந்தே வழி.

அம்மருந்தின் வரலாறுதான் மிகுந்த சிந்தனைக்குரியது. நெடுங்காலம் பயன்பட்ட றிபாவிரின் என்னும் மருந்து, செங்குருதிக் கலங்களிற் புகுந்து தேங்கி, அவற்றை அழிக்கும் இயல்பினது. இயந்திரத்தால் அதனைப் போதிய அளவு எடுக்க முடியாது. ஏற்கனவே குருதிச்சோகையால் வாடும் சிறுநீரக நோயாளருக்கு அது பெருஞ்சுமையாயிற்று. 2013 ஆம் ஆண்டில் சொபொஸ்புவிர் என்னும் புதுமருந்து வந்து, ஈரல் அழற்சி 'சி' நோயைச் சில மாதங்களிற் குணப்படுத்திற்று. உலகம் மகிழ்ந்தது. ஆனால், அம்மருந்திலிருந்து உண்டாகும் பொருள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. அது தேங்கினால் என்ன நேருமோ என்னும் ஐயத்தினால், சுத்திகரிப்புப் பெறுவோருக்கு அதனை விதந்துரைக்கவில்லை. இயந்திரம் அப்பொருளிற் குறிப்பிடத்தக்க பங்கை எடுத்துவிடுகின்றது என்பதும், அந்நோயாளருக்கும் அது ஏற்றது என்பதும் ஆராய்ந்து தெளியப்பட்டு, அமெரிக்காவில் மருந்தின் விதிமுறை திருத்தப்பட்டது 2019 ஆம் ஆண்டிலேதான். ஏனையோர் குணமடைந்துகொண்டிருக்க, இவர்கள் ஆறு ஆண்டு காத்திருந்தனர்.

இதற்கிடையில் வேறு வழியும் திறந்தது. ஈரலின் வழியே வெளியேறுவனவும், புரதத்துடன் இறுகப் பிணைந்திருப்பனவுமான மருந்துகளைத் தேர்ந்தனர். 2017 ஆம் ஆண்டில் வந்த கிளெக்காபிறெவிர், பிப்றென்ராஸ்விர் ஆகிய இரண்டன் கூட்டு அத்தகையது. தாயின் கையைப் பற்றிய பிள்ளைகள் போல அவை இயந்திரத்தின் பொட்டினூடே நழுவுவதில்லை. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்ற நூற்று நால்வரிடத்து அதனைப் பரீட்சித்தபொழுது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரிடத்து வைரசு நீங்கிற்று. சுத்திகரிப்புக்கு முன்னரா பின்னரா என்னும் கவலையும் அம்மருந்துக்கு இல்லை.

கொரோனாத் தொற்று 2020 ஆம் ஆண்டில் உலகை வாட்டியபொழுது அதே வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. றெம்டெசிவிர் என்னும் மருந்து வந்தது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றோரைத் தொடக்கப் பரிசோதனைகளிற் சேர்க்காமையால், அவர்களுக்கு அது விதந்துரைக்கப்படவில்லை. அந்நோயாலே பெரிதும் மடிந்தவருள் சுத்திகரிப்புப் பெறுவோரும் அடங்குவர் என்பதை நினைக்கும்போது, இதன் கொடுமை விளங்கும். அளவை மாற்றாமலே அவர்களுக்கும் அதனைக் கொடுக்கலாம் என்னும் அனுமதி அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கிடைத்தது.

இங்கே ஒரு நீதி கேள்வியாக எழுகின்றது. புதிய மருந்தைப் பரீட்சிப்போர், கணக்குக் குழம்பாதிருக்கும் பொருட்டுச் சிறுநீரக நோயாளரை ஒதுக்கிவைக்கின்றனர். ஒதுக்கிவைத்தமையால் அவர்களைப் பற்றிய அறிவு இல்லை. அறிவு இல்லாமையால் மருந்தை அவர்களுக்கு மறுக்கின்றனர். மெலிந்த மாணவனைப் பரீட்சைக்கே அனுப்பாது, பின்னர் அவனிடம் சான்றிதழ் இல்லை என்று கூறுவதை இது ஒக்கும். மருந்து எவர்க்கு மிகவும் தேவையோ, அவரைப் பற்றிய அளவீடே கடைசியாக வருதல் முறையாகுமா? இக்காலத்து அறிஞர் பலரும், அரச ஒழுங்கமைப்பாளரும், சிறுநீரக நோயாளரைத் தொடக்கத்திலேயே ஆராய்ச்சியில் உட்படுத்துதல் வேண்டும் என வலியுறுத்தி வருகின்றமை ஆறுதல் தருகின்றது.

இயந்திரமும் காலத்துக்குக் காலம் மாறுவது என்பதையும் சொல்லுதல் வேண்டும். கொல்ப்பின் செலோபேன் குழாய்க்குப் பதிலாக, இன்று பெரிய துவாரங்களை உடைய செயற்கை இழைச் சவ்வுகள் வந்துள்ளன. 1977 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரிற் பீற்றர் கிறாமர் தொடக்கிவைத்த வழியில் வளர்ந்து, கடும் நோயாளருக்கு இரவும் பகலும் ஓயாது நடைபெறும் சுத்திகரிப்பும் உண்டாயிற்று. பழைய சவ்வுகளைக் கொண்டு அளந்த அளவு புதிய சவ்வுக்கு அப்படியே பொருந்தாது. நான்கு மணித்தியாலச் சிகிச்சைக்கு வகுத்த விதி, நாள் முழுதும் நடைபெறும் சிகிச்சைக்குப் பொருந்தாது. அங்கே மருந்து இடைவிடாது வெளியேறுவதால், குறைத்துக் கொடுப்பதே ஆபத்தாதலும் கூடும். ஆதலின், அட்டவணை என்பது ஒருமுறை எழுதி மூடிவைக்கும் நூலாகாது.

இவ்வரலாறு நம் நாட்டுக்குத் தொலைவானது அன்று. 1990 களிலிருந்து வட மத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களின் விவசாயிகளிடையே, நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இல்லாதோர்க்கும் சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழந்துவருதலை நாம் அறிவோம். வயலிலிருந்து மீண்டவர் பலர் இன்று வாரந்தோறும் மருத்துவமனைக் கட்டிலில் இயந்திரத்தின் அருகே கிடக்கின்றனர். அவர்களுக்கு அக்கி வந்தால் உள்ளூர் மருந்தகத்துக்கே முதலிற் செல்வர். அங்கே மருந்து கொடுப்பவர், இவர் சுத்திகரிப்புப் பெறுபவர் என்பதை அறியாராயின், நலமுள்ளவர்க்குரிய அளவையே கொடுத்துவிடக்கூடும். எனவே, அத்தகையோரும் அவர்தம் வீட்டாரும், எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்த மருந்தை வாங்கினாலும், தாம் குருதிச் சுத்திகரிப்புப் பெறுவதையும், எந்த நாட்களிற் பெறுகின்றனர் என்பதையும் முதலிற் கூறுதல் நன்று. தாமாகவே அளவைக் கூட்டுதலோ குறைத்தலோ செய்யாது, தம்மைப் பேணும் சிறுநீரக மருத்துவரைக் கேட்டு நடத்தல் இன்றியமையாதது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்னும் கருத்தை அமைத்துள்ளார். அவற்றுள் காலம் என்பதன் பொருளை இயந்திரத்தின் அருகில் நிற்கும் மருத்துவரும் தாதியரும் நாள்தோறும் உணர்கின்றனர். அதே குளிசை, காலையிற் சுத்திகரிப்புக்கு முன் கொடுத்தால் வீணாகின்றது. மாலையிற் சுத்திகரிப்புக்குப் பின் கொடுத்தால் நோயைத் தீர்க்கின்றது. கிரகாம் தாளின் ஊடே உப்புக் கடந்ததைக் கண்டார். ஏபல் சலிசிலேற்றுக் கடந்ததைக் கண்டார். பின்வந்தோர் ஒவ்வொரு மருந்தாக எடுத்து, குருதித்துளியிலே அதன் வரவையும் செலவையும் அளந்து எழுதினர். பெயர் வெளிவராத நோயாளர் பலர், தம் நோயின் நடுவிலும் கையை நீட்டி அக்குருதித்துளிகளைக் கொடுத்தமையாலேயே இவ்வறிவு நமக்குக் கிடைத்தது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். இனி வரும் மருந்துகளின் அளவீட்டிலே இந்நோயாளரைக் கடைசி வரிசையில் நிறுத்தாது, முன்வரிசையில் வைத்தலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.